நடுத்தர ஆபத்து

ஆகஸ்ட் 4, திங்கள்

தண்ணீர் கேன்காரர் இன்றும் வரவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் வேலையை முடித்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஒரு பெண் மாடியேறி வந்தாள். தோளில் லேப்டாப் பை, மூச்சு வாங்கல்.

"அழிஞ்சு போனதயெல்லாம் இங்க எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னாவ. கடக்காரர் இல்லையாக்கா?"

"கடக்காரி நான்தான். ஆவுடையம்மாள். உக்காருங்க."

பெயர் ஜாஸ்பின், ஊர் தூத்துக்குடி. இங்கே பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். இரண்டு வருடம் அந்தப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்த அறுபத்தொரு பேட்டிகள் அவள் போனில் இருந்தன. போன வாரம் பஸ்ஸில் போன் போய்விட்டது. நல்லவேளையாக ஜனவரியில் போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பேக்கப் எடுத்து வைத்திருக்கிறாள். அதற்குப் பாஸ்வேர்டு போட்டாள். அந்தப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

நான் உள்ளதைச் சொன்னேன். அந்தப் போன் கம்பெனியின் பேக்கப் மென்பொருள், பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டால் சரியா தப்பா என்று சொல்ல வேண்டுமென்றே ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும். மெஷினை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் நம் இரண்டு பேர் ஆயுசும் பத்தாது.

அவள் எழுந்து போகவில்லை. தூக்குப் பாத்திரத்தைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பை ஒரு வாரம் விட்டுப் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவள் எழுதித் தந்த ஊர்ப் பெயர், பிறந்த நாள், அம்மா பெயர் எல்லாம் போட்டாயிற்று. ஒன்றும் திறக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுத்து கோணலாகப் போகிறது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பேக்கப் இருக்கும் ஃபோல்டரைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான ஃபைல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஃபைல். பேக்கப்பைத் திறந்ததும் தொடர்பு எண்களின் பட்டியல் சட்டென்று திரையில் வர வேண்டும் என்பதற்காக அதை மட்டும் தனியாக எழுதி வைக்கிறார்கள். சட்டென்று என்றால் எப்படி? எல்லாவற்றுக்கும் ஒரு வினாடி ஆகும் இடத்தில் இது மட்டும் எப்படிச் சட்டென்று வரும்?

என் போனையே பேக்கப் எடுத்தேன். எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டு போட்டேன். அந்தச் சின்ன ஃபைலை மட்டும் எடுத்துச் சோதித்தேன். அதே பாஸ்வேர்டுதான் அதையும் பூட்டுகிறது, ஆனால் அந்த ஒரு வினாடிக் காத்திருப்பு அதற்குக் கிடையாது. வாசலில் கனத்த பூட்டு. பின்பக்கக் குளியலறைக் கதவில் அதே சாவிக்குத் திறக்கிற ஒரு தகரப் பூட்டு. அங்கே நின்று எத்தனை சாவி வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். என் பழைய கம்ப்யூட்டரிலேயே வினாடிக்கு நாற்பதாயிரம்.

உட்கார முடியவில்லை. கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். கீழே மிக்சி ரிப்பேர் கடை அண்ணாச்சி படியில் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, மேல அணிவகுப்பு நடக்கா?" என்றார். சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று நடந்தேன்.

இணையத்தில் இரண்டு மணி நேரம் தேடினேன். இதை யாரும் எழுதவில்லை. உலகத்தில் இது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையில் கரைத்த மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்திருக்கிறது. துடைக்கும்போதும் சிரிப்பு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்குத் திறந்தது. tiger4471. நாய்ப் பெயரும் ஸ்கூட்டர் நம்பரும். நாய்ப் பெயரெல்லாம் வைக்கவே மாட்டேன் என்று திங்கட்கிழமை சத்தியம் செய்தவள் அவள்.

போன் போட்டேன். இருபதே நிமிடத்தில் வந்து நின்றாள். அறுபத்தொன்றும் இருந்தன. ஒன்றைப் போட்டாள். முதலில் காற்றுச் சத்தம், பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு. "இதையெல்லாமாட்டி எழுதுவ நீ?" ஜாஸ்பின் மேஜையைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

"சந்தனமாரி அக்காதான். அவுக குரல் போயிருச்சுன்னு நெனச்சிட்டேன்கா."

அவள் போன பிறகு, வேலை சரியாக முடிந்திருக்கிறதா என்று பார்க்க, என்னிடம் இருந்த பிரதியிலிருந்து அந்தப் பேட்டியை மூன்று நிமிடம் கேட்டேன். ஒலி சுத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

போன் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஆங்கிலக் கடிதத்துக்கு ஆறு மணி நேரம் ஆனது. அனுப்பிவிட்டுக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன்.

தென்மாவட்ட மொபைல் டெக்னீஷியன்கள் இணையக் குழுவிலும் ஒரு வரி போட்டேன். இப்படி ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன் என்று. ஒரு வரிதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு மெசேஜ். மூன்று வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறேன். ரிசப்ஷன்ல வேல பாக்குறியளா சிஸ்டர் என்று கேட்டவர்கள்தான் எல்லோரும். இன்றைக்கு மேடம், மேடம். ஒருவர் மட்டும், சும்மா அளக்காதிய, நிரூபிங்க பாப்போம் என்றார். அதனால் சின்ன ஃபைல் என்பதை மட்டும் சொன்னேன்.

துணி துவைத்தேன். கால் தரையில் பாவவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கம்பெனியிலிருந்து பதில். கண்டுபிடித்ததற்கு நன்றி. நீங்கள் சொன்னது உண்மை. பத்துக்கு 4.2 மதிப்பெண். நடுத்தர ஆபத்து. காரணம்: இதைச் செய்ய ஒருவன் முதலில் அந்த ஆளின் கம்ப்யூட்டரைக் கையில் வைத்திருக்க வேண்டும், தூரத்திலிருந்து செய்ய முடியாது. நீளமான பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பதிப்பு ஒன்றில் சரிசெய்வோம்.

நாலு புள்ளி இரண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் ஆங்கிலம் நன்றாக வருகிறது.

கம்ப்யூட்டரைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களே, எங்கள் ஊரில் யாருடைய கம்ப்யூட்டர் யார் கையில் இருக்கிறது என்று தெரியுமா? ரிப்பேருக்கு வருவதெல்லாம் எங்கள் கையில்தான். வேலை முடிந்த பிறகும் பாதிப் பேர் பழைய டிஸ்கை வாங்கிப் போவதில்லை. என் அலமாரியில் மட்டுமே பதினாலு இருக்கின்றன. அடுத்தது: நீங்கள் புதுப் பதிப்பு கொண்டுவந்தாலும், ஏற்கெனவே எடுத்து வைத்த பேக்கப்புகளில் அந்தச் சின்ன ஃபைல் அப்படியேதான் இருக்கும். அவற்றை எப்படிச் சரிசெய்வீர்கள்?

இந்த இடத்தில் கை நின்றது. ஜாஸ்பினைப் போனில் கூப்பிட்டேன்.

"உங்க லேப்டாப் எப்பவாச்சும் ரிப்பேருக்குப் போச்சா?"

"போச்சுக்கா. பிப்ரவரியில. தூத்துக்குடில அல்போன்ஸ் அண்ணாச்சி கடையில புது டிஸ்க் போட்டு, பழசுல உள்ளத எல்லாம் அதுல ஏத்திக் குடுத்தாவ."

"பழைய டிஸ்க்?"



"அவருகிட்டதான் இருக்கும். நான் கேக்கல. எதுக்குக்கா கேக்கிய?"

ஆகஸ்ட் 14, வியாழன்

அல்போன்ஸ் அண்ணாச்சி எங்கள் குழுவில் இருக்கிறார். நிரூபிங்க பாப்போம் என்று கேட்டது அவர்தான்.

குழுவில் நான் போட்டதை அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஃபைல் என்பதை மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறேன். ஃபைலின் பெயரையும் சொன்னேன். திரையைப் படம் எடுத்துப் போட்டேன். எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்பதும் படத்தில் தெரிந்தது. நானூற்றுப் பத்துப் பேர். நாலு நாள் கழித்து அழிப்பதால் என்ன பிரயோஜனம்.

ஜாஸ்பின் இன்னொன்றும் சொன்னாள். மார்ச் மாதம் சந்தனமாரி வேலை செய்யும் உப்பளத்தின் கணக்கப்பிள்ளை அவளை வழிமறித்து, ரெக்கார்டு பண்ணினதுல எங்களுக்கும் ஒரு காப்பி குடும்மா என்று கேட்டிருக்கிறார். அவள் மறுத்திருக்கிறாள். அந்த உப்பள ஆபீசின் கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் பார்ப்பது அல்போன்ஸ் கடை.

போன வருடம் ஏப்ரலில் உப்பளத்து மோட்டார் பெட்டியில் கை வைத்த லூர்து என்ற பெண் அந்த இடத்திலேயே செத்துப் போனாள். ஒயர் பிய்ந்து கிடப்பதை ஒரு வாரம் முன்பே கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். உடலை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெயிலில் மயங்கி விழுந்தாள் என்று அளத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். ஆட்டோ ஓட்டியவன் பெயர், எழுதியவர் பெயர், சந்தனமாரியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்களின் பெயர், எல்லாம் அவள் பேட்டியில் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இருக்கிறது. அந்த மூன்று பேரும் இன்றைக்கும் அதே அளத்தில் உப்பு வாருகிறார்கள்.

கம்பெனி சொன்னது பொய்யில்லை. லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவருக்கு 4.2 என்பதே அதிகம். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல் போட்ட மதிப்பெண் அது. நான் போட்டிருந்தால்?

நாளை தூத்துக்குடி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஜாஸ்பின் பேருந்து நிலையத்துக்கு வந்து கூட்டிப் போனாள். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அல்போன்ஸ் அண்ணாச்சி கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அடடே, ஆவுடை மேடம். நேர்ல வந்திருக்கிய. உக்காருங்க, டீ சொல்லுதேன்."

"டீ இருக்கட்டும் அண்ணாச்சி. பிப்ரவரியில இந்தப் பிள்ளைக்கு டிஸ்க் மாத்துனியளே, பழசு எங்க?"

அவர் பார்வை ஜாஸ்பின் பக்கம் போய், பிறகு சுவரோரம் இருந்த கம்ப்யூட்டர் பக்கம் போனது. நானும் பார்த்தேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் படம் எடுத்துப் போட்ட அதே திரை. அதற்குப் பக்கத்தில் ஒரு டிஸ்க், மேலே ஒட்டிய காகிதத்தில் ஜாஸ்பின் என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

எனக்கு முன்னால் ஜாஸ்பின் பாய்ந்துபோய் டிஸ்க்கின் ஒயரை உருவிவிட்டாள்.

"யாரு சொல்லி இதச் செஞ்சிய?" என்று கேட்டாள். "அளத்து ஆபீஸ்ல கேட்டாவளா?"

"எம்மா, யாரும் கேக்கல. சத்தியமா. மேடம் போட்டது நெசமான்னு பாக்கணும்னு தோணுச்சு. கடையில கெடந்த பழைய டிஸ்க்குல அஞ்ச எடுத்துப் போட்டுப் பாத்தேன். அதுல உன்னுதும் ஒண்ணு. அம்புட்டுதான்."

"அஞ்சுல எத்தன தொறந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு எங்க தெருவுல உள்ள ஒரு வீட்டுப் பொண்ணோடது. பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டேன். இப்ப அந்தப் பிள்ள எதுக்க வந்தா தலைய குனிஞ்சிட்டுப் போறேன்."

நான் ஏதோ திட்டத் தொடங்கினேன். அவர் சத்தம் போடாமல் சொன்னார்:

"நீங்க போட்டதத்தான் மேடம் செஞ்சேன்."



டிஸ்கை ஜாஸ்பினிடம் கொடுத்தார். வேறு காப்பி இல்லை என்றார். திரையில் நின்றுபோன எண்களைப் பார்த்தேன், நாய்ப் பெயர் வரிசைக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வந்திருக்கும். மீதி நாலு டிஸ்கையும் எங்கள் கண் முன்னாலேயே டிரில் போட்டு ஓட்டையாக்கினார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

ஆகஸ்ட் 16, சனி

குழுவில் எழுதினேன்: நான் செய்தது தவறு. சோதித்துப் பார்த்தவர்கள் நிறுத்திவிடுங்கள், வாடிக்கையாளர்களின் பழைய டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுங்கள். பதினேழு பேர் சரி என்றார்கள். ஒருவர் அந்தப் படத்தை மறுபடி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

என் அலமாரியில் இருந்த பதினாலு பேருக்கும் போன் போட்டேன். ஒன்பது பேர் வருகிறேன் என்றார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அந்த மூன்று பெண்களிடம் இதைச் சொல்ல ஜாஸ்பினுக்கு மனமில்லை. "டிஸ்க் கெடச்சிருச்சுல்லாக்கா. இனிமே அவுகளப் போயி எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றாள். வேறு காப்பி இல்லை என்று ஒருவர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பி மூன்று பேர் பிழைப்பை விட்டுவிட முடியாது என்றேன். கடைசியில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

சந்தனமாரி வீட்டு வாசலில் ஊற வைத்த துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. குரல் மட்டும் எனக்கு நன்றாகப் பழகிய குரல். ஜாஸ்பின் ஆள் அனுப்பி மற்ற இரண்டு பெண்களையும் வரவழைத்தாள். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், குழுவில் படம் போட்டது உட்பட.

சந்தனமாரி கை ஈரத்தை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ கேட்டியா அத?"

"மூணு நிமிசம்..." என்று தொடங்கி நிறுத்தினேன். "முழுசும் கேட்டேன்கா. ரெண்டு தடவ."

"சரி. எம்புட்டு ஆபத்து? உள்ளதச் சொல்லு."

இந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரமாக ஆங்கிலத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் சொல்ல வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: டிஸ்க் நம்மிடம் வந்துவிட்டது, யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் அது ஒரு கடையில் கிடந்தது. அதற்குள் யாராவது கேட்டிருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை.

மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி அழுதாள். வேலை போய்விடும், பேரை எடுத்துவிடு என்று ஜாஸ்பின் கையைப் பிடித்தாள். சந்தனமாரி கசக்கிய துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்ப இப்படிச் செய்வோம். அந்தக் கணக்கப்பிள்ள கேக்கதுக்கு முன்னாடி நாம கேக்க வச்சிருவோம். கலெக்டராபீசுக்குப் போவோம்."

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் ஜாஸ்பின்.

"ஒரு வருசமா அதத்தான் யோசிக்கேன். ஒளிச்சு வச்சாத்தான திருட்டுப் போகும்? இவ பேர எடுத்துரு, பாவம், ரெண்டு பொம்பளப் பிள்ள வச்சிருக்கா. எம்பேரு இருக்கட்டும்."

சும்மா இருந்த இன்னொருத்தி, "எம்பேரும்" என்றாள்.

திரும்பும் வழியில் ஜாஸ்பின் ஸ்கூட்டரை எவ்வளவு வேகமாக ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. நானும் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். ரிப்பேர் கடைகள், பழைய பேக்கப்புகள், எங்கள் ஊர். உப்பளத்தையும் ஆட்களின் பெயர்களையும் சொல்லாமல் அல்போன்ஸ் கடையில் கண்டதையும் எழுதினேன். நானே நானூற்றுப் பத்துப் பேருக்கு வழி காட்டிவிட்டேன் என்பதையும் எழுதினேன். அந்த வரியை மூன்று முறை அழித்து, மூன்று முறை திரும்ப எழுதினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எட்டு பேர் டிஸ்க் வாங்கிப் போனார்கள். ஒருவர், இதுல என்னம்மா இருக்கப் போவுது, நீயே வச்சுக்கோ என்றார். கையில் திணித்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கம்பெனி கூப்பிட்டது. மதுவந்தி என்ற அதிகாரி, பெங்களூரிலிருந்து. தமிழிலேயே பேசினார். "ரிப்பேர் கடைங்கிற கோணத்துல நாங்க யோசிக்கவே இல்லைங்க" என்றார். மதிப்பெண் 7.1 ஆகிவிட்டது. அடுத்த வாரமே திருத்தம் வருகிறது. பழைய பேக்கப்பை அழித்துவிட்டு நீளமான பாஸ்வேர்டோடு புதிதாக எடுக்கும்படி எல்லாப் போன்களுக்கும் அறிவிப்பு போகும். குழுவில் போட்டதைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "நீங்க மறைச்சிருந்தா நாங்க இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டோம்" என்றார். அது பாராட்டா கண்டிப்பா என்று இன்னும் புரியவில்லை.

போனை வைத்துவிட்டுக் கடைக்குள் ஒரு சுற்று நடந்தேன். ஒன்றுதான். ஜாஸ்பின் மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள், உட்கார்ந்து திருத்தினோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

விடிந்ததும் கிளம்பினேன். தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், வளாகம் முழுக்க மனுவோடு ஜனம். நாங்கள் வரிசையில் எழுபத்தெட்டாவது. சந்தனமாரியும் அன்றைக்கு எம்பேரும் என்று சொன்னவளும், அவள் பெயர் செல்லத்தாய், அளத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். லூர்துவின் தம்பியும் வந்திருந்தான். ஆச்சரியம், அழுத பெண்ணும் வந்தாள். பெயர் வேண்டாம், சும்மா கூட நிற்கிறேன் என்றாள்.

பன்னிரண்டே காலுக்கு எங்கள் முறை வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி மனுவைப் படித்தார். இரண்டாவது பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஆதாரம் ஏதும் இருக்கா?"

ஜாஸ்பின் லேப்டாப்பைத் திறந்து முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குக் கொண்டு போனாள். காற்றுச் சத்தம். அதற்கு மேல் சந்தனமாரியின் குரல், மோட்டார் பெட்டி, ஒயர், லோடு ஆட்டோ. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது யாரோட குரல்னு எப்படி நம்புறது? இந்தக் காலத்துல குரல எப்படி வேணும்னாலும் செஞ்சிரலாம். ஃபைல் மாறாம இருக்குன்னு யார் சொல்வா?"

கேள்வி எனக்கு உரியது என்று நினைத்தேன். சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. பேக்கப் எப்போது எடுத்தது, எப்படித் திறந்தது, யார் யார் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

சந்தனமாரி என் தோளில் கை வைத்து என்னை ஓரமாக நகர்த்தினாள். மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத மூடுங்கம்மா. நான்தான் இங்க நிக்கேன்லா. மொதல்லருந்து சொல்லுதேன், எழுதிக்கோங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். சந்தனமாரி நாற்பது நிமிடம் பேசினாள். பதிவில் இல்லாத இரண்டு விஷயங்களும் அதில் இருந்தன. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பெயர் வேண்டாம் என்று வந்தவள் சுவரோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்து, "அந்த ஆட்டோவுல தூக்கி ஏத்துனதுல நானும் ஒருத்தி" என்றாள்.